புழுங்கலரிசியும் பால்மரக்காடும்: உழைப்போர் நலத்திட்டங்களை உருவாக்கி மதிப்பிடும் நெறி

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் நீலாய்ப் பகுதி இன்று பல்கலைக்கழகங்களும் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்த நகரமாக விளங்குகின்றது. ஒரு தலைமுறைக்கு முன்னர் இது லாபு, பத்தாங் பெனார், மந்தின் ஆகிய அண்டை ஊர்களைப் போன்று இரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறமாகவே இருந்தது. இத்தோட்டங்களில் உழைத்த தமிழர்தம் வாழ்வைக் குடியேற்றம், கூலி, கல்வி, சமயம், இலக்கியம் ஆகிய நோக்குகளில் ஆராய்ந்தோர் பலர். அவர்தம் உடல்நல வரலாறு அந்த அளவிற்குத் தமிழில் பேசப்படவில்லை எனலாம்.

உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்விலும் பணியிடத்திலும் நலத்திட்டம் ஒன்றைப் புகுத்துவது எங்ஙனம்? அது பயன் தந்ததா என்பதை அறிவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் இக்காலப் பொதுநலவியலில் பெரிதும் ஆராயப்படுகின்றன. இவற்றுக்கு உலக வரலாற்றில் இடம்பெற்ற விடைகளுள் ஒன்று இந்த நெகிரி செம்பிலான் மண்ணிலேயே கிடைத்தது. அவ்விடையின் நடுவே இருந்தது தமிழர் உண்ட புழுங்கலரிசி. இச்செய்தியை விளக்கி, அதினின்று இன்றைய திட்டங்களுக்குப் பெறத்தக்க நெறிகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு திட்டம் பயன் தந்ததா என வினவுவது மட்டும் போதாது. எவர்க்கு, எவ்விடத்தில், எவ்வழியாகப் பயன் தந்தது எனவும் வினவுதல் வேண்டும் என்பதே நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்தாகும்.

பல்கூற்று நலத்திட்டம்

ஒரு மாத்திரையை ஒருவருக்குக் கொடுத்து அதன் விளைவைக் காண்பது ஒரு கூறு உடைய செயலாகும். தோட்டத்தில் வாழும் மக்களின் உணவை மாற்றுவதோ, அவர்தம் குடியிருப்பைச் சுற்றி நீர் தேங்காமல் காப்பதோ அத்தகையதன்று. அங்குத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும், நிருவாகமும், தோட்ட மருத்துவ உதவியாளரும், அரிசி விற்போரும், சட்டமும் ஒருங்கே தொடர்புறுகின்றனர். பல கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று தாக்கம் செலுத்தும் இத்தகைய முயற்சியை நாம் பல்கூற்று நலத்திட்டம் எனக் குறிப்பிடலாம்.

இவற்றை ஆராய்வதற்கெனப் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2008இலும் 2021இலும் அது திருத்தம் பெற்றது. திட்டத்தை உருவாக்குதல், நடைமுறைக்கு ஏற்றதா எனச் சிறிய அளவில் பார்த்தல், பயனை மதிப்பிடுதல், பரவலாகச் செயற்படுத்துதல் என நான்கு கட்டங்களை அது பேசுகின்றது. இக்கட்டங்கள் வரிசையாகவே அமைதல் வேண்டும் என்பதில்லை. முன்னும் பின்னும் செல்லலாம். எக்கட்டத்திலும் திட்டம் நிகழும் சூழல், அது எவ்வாறு பயன் தரும் என்னும் விளக்கம், அதில் தொடர்புடையோரின் பங்கு, இன்னும் தெளிவுபெறாத ஐயங்கள், திட்டத்தைச் செம்மை செய்தல், செலவும் பயனும் ஆகிய ஆறும் கருதப்படல் வேண்டும் என 2021ஆம் ஆண்டு வழிகாட்டி வலியுறுத்துகின்றது. இவை ஏட்டளவில் நின்றுவிடும் சொற்கள் அல்ல என்பதை நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மலாயா தெளிவாகக் காட்டுகின்றது.

பெரிபெரியும் மூவகை அரிசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் உழைப்போரைப் பெரிதும் வருத்திய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்தலும் வீங்குதலும், நடை தளர்தலும், முற்றிய நிலையில் நெஞ்சு செயலிழந்து இறத்தலும் இதன் இயல்புகளாகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அதே நிலத்தில், அதே தட்பவெப்பத்தில் வாழ்ந்த தமிழரை அது அரிதாகவே தாக்கியது.

இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர் நெகிரி செம்பிலான் மாநில மருத்துவர் லியோனார்ட் பிராடன். 1907ஆம் ஆண்டில் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றி அவர் ஒரு விரிவான நூலை வெளியிட்டார். இனம், நீர், குடியிருப்பு ஆகியவற்றைக் காட்டிலும் உண்ணும் அரிசியின் வகையே நோயோடு ஒத்துச் செல்வதை அவர் எடுத்துக்காட்டினார். சீனர் உண்டது ஆலையில் வெள்ளையாகத் தீட்டப்பட்ட சயாம் பச்சரிசி. மலாய்க்காரர் சிற்றூர்களில் உண்டது அவ்வப்போது வீட்டில் குற்றிய அரிசி. தமிழர் உண்டதோ நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பின்னர்க் குற்றப்பட்ட புழுங்கலரிசி. பின்னைய இருவகை அரிசியை உண்டோரிடையே நோய் அரிதாயிற்று.

ஒத்துச் செல்லும் இரண்டனுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனக் கூறிவிட இயலாது. சீனர்க்கும் தமிழர்க்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? தொழில், உறைவிடம், துணைக்கறி, பழக்கம் என வேறுபாடுகள் பல. ஆகவே, பிற யாவும் ஒத்திருக்க அரிசி ஒன்று மட்டும் வேறுபடும் நிலையை உருவாக்கிப் பார்த்தல் தேவையாயிற்று.

இரு சோதனைகள்

இத்தகைய முதற் சோதனையைக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் நடத்தி, அதன் முடிவை 1907இல் வெளியிட்டார். அங்கிருந்தோரை வரிசைப்படுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு விடுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு விடுதியிலும் அவர் அமர்த்தினார். ஒரு பிரிவினர்க்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றையோர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. யாரை எப்பிரிவில் சேர்ப்பது என்பது மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்படாமல் எண்ணால் முடிவு செய்யப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது. நோய் கட்டடத்தைப் பற்றியதோ என்னும் ஐயத்தை நீக்க, இடையில் இரு பிரிவினரும் விடுதி மாற்றப்பட்டனர். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் இந்நோயால் இறந்தார் எவருமிலர்.

எனினும் இது மூடிய மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்தது. உழைக்கும் மக்களின் இயல்பான வாழ்விலும் இவ்வாறே நிகழுமா? இவ்வினாவுக்கு விடைகாண, 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டன் ஆகிய இருவரும் 1907இல் நெகிரி செம்பிலானின் உட்பகுதிக்குச் சென்றனர். நீலாய்க்குக் கிழக்கே, மலைத்தொடருக்கு அப்பால், டுரியான் திப்புஸ் என்னுமிடத்தில் காட்டினூடே சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றொன்றுக்குப் புழுங்கலரிசி. வேலையும் துணையுணவும் ஒத்தவை. புதிதாகத் திருத்தப்பட்ட காட்டுநிலம் ஆதலின் பழைய குடியிருப்பின் தொற்று எனக் கூறுதற்கும் இடமில்லை.

ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசிக்கு மாற்றப்பட்டபின் அப்பிரிவில் புதிய நோயாளர் தோன்றுவது நின்றது. பின்னர் அரிசி எதிர்மாறாக வழங்கப்பட்டபோது, முன்பு நலமாக இருந்த பிரிவிலும் நோய் தலைகாட்டியது. 1909இல் வெளியான இவ்வாய்வின் முடிவுகள் பரவலாக ஏற்கப்பட்டன. மணிலாவில் 1910இல் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, வெள்ளையாகத் தீட்டிய அரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இவ்விரு சோதனைகளும் அறிவியலுக்கு அளித்த கொடை பெரிது. ஆயினும் அவற்றின் மறுபக்கத்தையும் நாம் கூறுதல் வேண்டும். ஒரு சோதனைக்கு உட்பட்டோர் மருத்துவமனையை விட்டு வெளியேற இயலாத மனநோயாளர். மற்றொன்றுக்கு உட்பட்டோர் ஒப்பந்தத்தால் கட்டுண்ட கூலித் தொழிலாளர். மறுத்துரைக்கும் நிலையில் அவர்கள் இல்லை. சோதிக்கப்படுவோரின் இசைவு இன்றியமையாதது என்னும் அறம் 1947ஆம் ஆண்டின் நூரெம்பர்க் நெறிகளாலும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கையாலும் பின்னரே உலக வழக்காயிற்று. அவ்வறம் எவர்தம் துன்பத்தின்மேல் எழுந்ததோ அவர்களுள் பெயர் அறியப்படாத இத்தொழிலாளரும் அடங்குவர்.

பயனும் விளக்கமும்

வெள்ளை அரிசி பழையதாகும்போது அதில் ஒருவகை நஞ்சு தோன்றுகின்றது என்பதே பிராடன் கொண்ட விளக்கம். அது பிழையானது, ஆனால் அவர் பரிந்துரைத்த தீர்வோ சரியானது. சாவகத்தில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகளையும், அரிசியின் புறத்தோலில் உடலுக்கு இன்றியமையாத பொருள் ஒன்று உள்ளது என 1901இல் கிரீன்ஸ் கூறியதையும் அடியொற்றி, பிரேசரும் ஸ்டான்டனும் தவிட்டிலுள்ள பொருளின் காக்கும் ஆற்றலை ஆராய்ந்தனர். அரிசியிலுள்ள பாஸ்பரஸின் அளவைக் கொண்டு அது எவ்வளவு தீட்டப்பட்டது என அறியும் முறையையும் வகுத்தனர். 1926இல் சாவகத்தில் யான்சனும் டோனத்தும் அப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர். 1936இல் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. தையமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 அதுவே.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது புறத்தோலிலும் முளையிலும் உள்ள தையமின் நீரோடு அரிசியின் உள்ளே செல்கின்றது. அவிந்த மாவுப்பொருள் இறுகி அதனைத் தன்னுள் பிணித்துக்கொள்கின்றது. ஆதலின் தவிடு நீங்கினும் சத்தின் ஒரு பகுதி எஞ்சுகின்றது. உடலில் தையமினின் சேமிப்பு சில கிழமைகளுக்கே போதுமானது. சோதனையில் நோய் மூன்று திங்களில் தோன்றியதன் காரணம் இதனால் விளங்கும்.

இங்கு ஒரு கருத்து சிந்தித்தற்குரியது. தமிழர் புழுங்கலரிசியை மருந்தாகக் கருதி உண்டனரல்லர். நெல் எளிதில் உமி நீங்கவும், அரிசி நொறுங்காமலிருக்கவும், சோறு பழையதாகியும் பயன்படவும் அவர்தம் முன்னோர் கண்ட வழக்கம் அது. வழக்கத்தினுள் பொதிந்திருந்த நலம், வேறொருவர் ஒப்பிட்டு நோக்கிய பின்னரே அறிவாக வெளிப்பட்டது. மக்கள் முன்பே செய்து வருவன எவை, அவற்றுள் காக்கத்தக்கன எவை எனக் காண்பதே திட்டம் உருவாக்கத்தின் முதற்படி என்பது இதனாற் பெறப்படும்.

வழங்கல் அறுந்தபோது

தமிழரைக் காத்தது அவர்தம் உடலின் இயல்பு எனச் சிலர் எண்ணியிருக்கலாம். அவ்வெண்ணம் பிழையென்பதைப் போர்க்காலம் காட்டியது. தோட்டங்களுக்குரிய அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. சப்பானியர் ஆட்சியில் அவ்வரவு அறுந்து, மரவள்ளிக்கிழங்கே பலர்க்கு உணவாயிற்று. 1942–43இல் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர், தீட்டிய அரிசியின் சிறு பங்கைக் கொண்டு உழைக்க வேண்டியதாயிற்று. மலேரியா, வாந்திபேதி, ஆறாப்புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களைத் தாக்கியது; பல்லாயிரவர் மாண்டனர். நலத்தைத் தாங்கியிருந்தது தனிமனிதரின் தெரிவு மட்டுமன்று. ஆலை, கப்பல், தோட்டக் கடை எனத் தொடர்ந்த வழங்கல் ஒழுங்கும் ஆகும் என்பது இதனால் புலனாகின்றது.

இடம் மாறின் பயன் மாறும்

சூழல் என்னும் கூற்றினை மலேரியாத் தடுப்பு மேலும் தெளிவாக விளக்கும். 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் மல்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்தும் காட்டை வெட்டித் திறந்தும் மலேரியாவைப் பெரிதும் குறைத்தார். கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசுவினம் நிழல் படர்ந்த தேக்கநீரில் முட்டையிடுவது; நிழலும் தேக்கமும் நீங்கவே அது அழிந்தது.

அதே முறையை மலைப்பாங்கான உள்நாட்டுத் தோட்டங்களில் பின்பற்றியபோது மலேரியா குறையவில்லை. காடு வெட்டப்பட்ட இடங்களில் அது பெருகியது. அங்கு நோயைப் பரப்பிய அனோபிலிஸ் மக்குலேட்டஸ் என்னும் இனம் வெயில் படும் தெளிந்த மலையோடைகளில் வளர்வது. இரப்பர் நடுவதற்காகக் காட்டைத் திறந்தமையே அதற்கு இடமளித்தது. ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துதல், நீரின்மேல் எண்ணெய் தெளித்தல் முதலிய வேறு முறைகள் அங்குத் தேவைப்பட்டன. கிள்ளானில் உயிர்காத்த செயலே குன்றுகள் நிறைந்த நிலத்தில் உயிர்க்கு ஊறாயிற்று. வாட்சன் 1911இல் வெளியிட்ட நூல், தோட்டந்தோறும் நோய்க்கணக்கெடுத்து இவற்றை ஒப்பிடுகின்றது. ஓரிடத்தில் வென்ற திட்டத்தை அவ்வாறே பெயர்த்து வைத்தலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இன்றைய நிலை

பெரிபெரி மறைந்தது, நீரிழிவு வந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பதினெட்டு அகவைக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இந்தியரிடையே இது 31.4 விழுக்காடு. தோட்டத்தில் நடந்தும் குனிந்தும் உழைத்தோரின் மக்கள் இன்று தொழிற்சாலையில் இரவு வேலைமுறையிலும், கனவுந்தின் இருக்கையிலும், அலுவலக நாற்காலியிலும் பணியாற்றுகின்றனர். உழைப்பு மாறியது, சோற்றின் அளவோ பெரிதும் மாறவில்லை. 21 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து நோக்கி 2020இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளைச் சோற்றை மிகுதியாக உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவிலேயே வலிமையாகக் காணப்பட்டதெனக் கூறுகின்றது. பிராடன் சுட்டிய அரிசி வினா வேறு வடிவில் மீண்டும் எழுந்துள்ளது எனலாம்.

இதற்குத் தீர்வு காண முயன்ற மூன்று ஆய்வுகள் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. சென்னையில் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பிலிருந்த 531 பேரிடையே நிகழ்த்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடலுழைப்பு பற்றிய தொடர்ந்த அறிவுரை மூன்றாண்டுகளில் நீரிழிவு தோன்றுவதை 55 விழுக்காட்டிலிருந்து 39.3 விழுக்காடாகக் குறைத்தது. அவர்களே 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தென்னிந்தியாவில் பணிபுரியும் ஆடவர்க்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாக அறிவுரை அனுப்பினர். செய்தி பெற்றோருள் 18 விழுக்காட்டினர்க்கும் பெறாதோருள் 27 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு தோன்றியது. வேலையை விட்டு மருத்துவமனைக்கு வர இயலாதோரை வேலை நடுவிலேயே சென்றடைந்தமை இத்திட்டத்தின் சிறப்பாகும்.

மூன்றாவது கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், உள்ளூர் மக்களே குழுவை வழிநடத்த அமைந்த திட்டம். 2018இல் வெளியான அதன் முடிவின்படி நீரிழிவு தோன்றுவதில் ஏற்பட்ட குறைவு உறுதியாகக் கூறத்தக்க அளவினதாக இல்லை. எனினும் மது, புகையிலைப் பயன்பாட்டில் நன்மாற்றம் காணப்பட்டது. எதிர்பார்த்த பயன் கிட்டாததையும் மறைக்காமல் வெளியிடுவதே மதிப்பீட்டின் நேர்மை. அவ்வாறு வெளியிட்டாலன்றிப் பின்வருவோர் எதனைச் செம்மை செய்வது என்பதை அறியார்.

மலேசியச் சுகாதார அமைச்சும் கொஸ்பென் என்னும் திட்டத்தின் வழி குடியிருப்புகளில் தன்னார்வலரைப் பயிற்றுவித்தது. கொஸ்பென் பிளஸ் என அதனைப் பணியிடங்களுக்கும் விரிவாக்கியது. இத்தகைய திட்டம் நீலாய் போன்ற இடத்தில் இந்தியரைச் சென்றடையும் விதத்தை மதிப்பிடுவோர், எத்தனை பேர் கூட்டத்திற்கு வந்தனர் எனக் கணக்கிடுவதோடு நின்றுவிடலாகாது. இரவு வேலையாளர் எப்பொழுது உண்கின்றனர், வீட்டில் எவர் சமைக்கின்றார், தொழிற்சாலை உணவகத்தில் எது மலிவாகக் கிடைக்கின்றது, கோயில் அன்னதானத்தில் எது பரிமாறப்படுகின்றது எனவும் வினவுதல் வேண்டும். நூறாண்டுக்கு முன் தோட்டக் கடைக்கு இருந்த இடத்தை இன்று இவை பெற்றுள்ளன.

மொழியின் பங்கு

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய பணி ஒன்றுண்டு. நீரிழிவை மலேசியத் தமிழர் இயல்பாக ‘இனிப்பு நீர்’ என்பர். இனிய, எளிய சொல். ஆயினும் நோய்க்குக் காரணம் இனிப்பு மட்டுமே என்னும் எண்ணத்தை அது விதைக்கக்கூடும். தேநீரில் சீனியை நிறுத்தியவர், தட்டு நிறைந்த சோற்றைப் பற்றிச் சிந்திக்காமல் இருத்தல் கூடும். மக்கள் பயன்படுத்தும் சொல்லை இகழ்ந்து ஒதுக்குவதாலும் பயனில்லை; மொழிபெயர்ப்பு மணக்கும் அறிவுரைத் தாளாலும் பயனில்லை. மக்கள் நோயை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதை அவர்தம் சொற்களிலிருந்தே தொகுத்து, அதற்கேற்பத் திட்டத்தின் மொழியை அமைத்தல் வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளும் இதில் பங்கு கொள்ளலாம். வெள்ளை அரிசி, புழுங்கலரிசி, கைக்குத்தலரிசி ஆகியவற்றின் பெயர்க்காரணத்தையும் பதமுறையையும் மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டெழுதினால், அது மொழிப்பயிற்சியாகவும் நலவாழ்வுக் கல்வியாகவும் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பாகவும் அமையும். தோட்டங்கள் நகர்களாக மாறிவரும் இக்காலத்தில் அத்தொகுப்பைக் காலந்தாழ்த்தாது செய்தல் நன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. திட்டம் உருவாக்குவோர் மக்களின் வழக்கத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். மதிப்பிடுவோர் ஒத்த பிரிவுகளை ஒப்பிடுவதோடு, பயன் விளைந்த வழியையும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும். ஒரு திட்டத்தின் நிலைபேறு வழங்கல் ஒழுங்கைப் பொறுத்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். யாவற்றினும் மேலாக, எவர்தம் வாழ்வு மாற்றப்படுகின்றதோ அவரைக் கேட்டு, அவர் இசைவோடு அதனைச் செய்தல் வேண்டும். டுரியான் திப்புஸில் சாலை அமைத்தோரிடம் எவ்வரிசி வேண்டும் என எவரும் கேட்டிலர். இன்று நீலாயின் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரிடம் அவ்வினாவைக் கேட்க இயலும். கேட்பதே ஆய்வின் முதற் கடமையாகும்.